மலரில் யார் முகம்?

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டால் ஊர்க்கோயில் கமிட்டிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாரம் கட்டுவது, வர்ணம் அடிப்பது, யாகசாலைக்கு இடம் ஒதுக்குவது, சிவாச்சாரியார்களைத் தங்கவைப்பது, அன்னதானத்துக்கு அரிசி திரட்டுவது என்று வேலை நீண்டுகொண்டே போகும். இத்தனைக்கும் நடுவில், பெரும்பாலும் கடைசி நேரத்தில் பேச்சுக்கு வருவது மலர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வைபவம். ஊரின் புகைப்படங்களைச் சேர்த்து ஒரு புத்தகமாவது போட வேண்டாமா? போடலாம், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவர ஒருவர் அச்சகத்துக்குப் போகிறார்.

அச்சகத்துக்காரர் திருப்பிக் கேட்பது நாலே கேள்வி. என்ன சைஸ், எத்தனை பக்கம், கலரா சிங்கிள் கலரா, எத்தனை பிரதி. பதில் சொன்னால் விலை தெரிந்துவிடும். கூடவே வேறொன்றும் அங்கேயே முடிவாகிவிடுகிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அந்த ஊரில் யாருடைய முகம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும், யாருடையது சேராது என்பது அந்த நாலு பதிலில் இருக்கிறது. செலவுக்கணக்கு போலத் தோன்றும் இந்த விஷயம் பக்தி மரபின் மிகப் பழைய ஒரு கேள்வியைத் தொடுகிறது. ஒரு கோயில் யாருடையது? கொடுத்தவருடையதா, கூடி நின்றவர்களுடையதா?

வழக்கமான ஒரு மலரைப் பிரித்துப் பார்த்தால் முதலில் ஆசியுரைகள், அடுத்து வாழ்த்துச் செய்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப்பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு படம். அப்புறம் அறங்காவலர்கள், திருப்பணிக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர். தல வரலாறு சில பக்கம். நடுப்பக்கம் இரண்டும் பெரிய நன்கொடையாளரின் விளம்பரம். ஊர் ஜனங்கள் எங்காவது வருகிறார்கள் என்றால் பால்குட ஊர்வலத்தின் தூரக் காட்சியில், தலைகளாக வருகிறார்கள். மடப்பள்ளியில் நெருப்போடு நின்றவரும், வாசல் தெளித்துக் கோலம் போட்டவரும், சாரத்தில் ஏறி விமானத்துக்கு வர்ணம் அடித்தவரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. தாள் என்னவோ பளபளக்கும் ஆர்ட் பேப்பர்தான்.

இதை வெறும் பெருமைப்பித்து என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஆண்டவனுக்குச் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆழமாக ஊறியது. நைவேத்தியத்துக்கு நல்ல நெய், சாத்துவதற்குப் பட்டு, விமானத்துக்குப் பொன். அந்த வரிசையில் மலரும் தடித்த தாளில், பல வண்ணத்தில், கெட்டி அட்டையில் வர வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் பக்தி இருக்கிறது. கொடுத்தவர் பெயரைச் சொல்வதும் மரபுதான். கோயில் படிக்கட்டிலும் குழல்விளக்கிலும் மின்விசிறியிலும் ‘உபயம்’ என்று எழுதுகிறோம். அந்தப் பணம் வராவிட்டால் கோபுரத்தில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்கக்கூட வழி இருக்காது.

ஆனால் நைவேத்தியம் சுவாமிக்கு, மலர் மனிதர்களுக்கு. அதை வாசிக்கப்போவது, பொத்திவைக்கப்போவது, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப்போவது மனிதர்கள். அதனால் மலரின் சிறப்பை அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த வீட்டுக்காரர்கள் அதில் இருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். தாளின் கனம் அந்த அளவில் வராது.

அச்சு என்ற தொழிலே அப்படிப்பட்ட ஓர் எண்ணத்தோடுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. தேதி குறிப்பிடப்பட்டு இன்று கிடைக்கும் அச்சு நூல்களில் மிகப் பழையது, சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த வஜ்ரசூத்திரம் என்ற பௌத்த நூல். கி.பி. 868. ஐந்து மீட்டர் நீளம் வரும் காகிதச் சுருள் அது. தொடக்கத்தில் புத்தர் அமர்ந்து உபதேசிக்கும் படம். வாங் ஜியே என்பவர் தம் தாய் தந்தையர் பொருட்டு, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதற்காக இதைச் செய்வித்தார் என்று கடைசியில் எழுதியிருக்கிறது. கையால் எழுதினால் ஒரு பிரதி. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தால் பல. பெருகிப் பலரைச் சேர்வதுதான் அங்கே புண்ணியம்.

தரங்கம்பாடியில் நடந்ததும் இந்த வகைதான். அங்கே இருந்த பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதமோ கப்பலில் வர வேண்டிய பொருள். அந்த எழுத்தில் அச்சடித்தால் காகிதம் முடிந்துவிடும், நூல் முடியாது. உள்ளதில் பாதி போதும் என்று யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். மிச்சப் பகுதி அந்தச் சிறிய எழுத்தில் 1715-இல் முடிந்தது. கையில் இருக்கும் காகிதத்துக்கு ஏற்ப எழுத்தைச் சுருக்கினார்களே ஒழிய உள்ளடக்கத்தை வெட்டவில்லை. மலர்க் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. தாளையும் வண்ணத்தையும் முதலில் நிச்சயித்துவிட்டு, அதற்குள் அடங்குகிற அளவுக்கு ஆட்களைக் குறைக்கின்றன.

யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்குச் சைவ மரபில் ஒரு பெரிய பதில் இருக்கிறது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தபோது, சுந்தரர் அவர்களை வணங்காமல் ஒதுங்கிப் போனதாக எண்ணி, விறன்மிண்டர் என்ற அடியார் வெகுண்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அடியாரைக் கடந்துபோகிறவன் எங்களுக்குப் புறம்பு, அவனை ஆண்ட சிவனும் புறம்பு என்ற அளவுக்குப் போனது அவர் கோபம். அதற்குப் பிறகு பிறந்ததுதான் திருத்தொண்டத்தொகை, அடியார்களின் பெயர்வரிசை. வேடர், குயவர், வண்ணார், வலைஞர், வேந்தர், வணிகர் எல்லோரும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அந்தத் தொகையில் தனிப்பெயர்களோடு சுந்தரர் நிறுத்தவில்லை என்பதுதான் மலர்க் குழுக்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். ஒன்பது கூட்டங்களையும் சேர்த்தார். அவற்றில் ஒன்று ‘திருவாரூர்ப் பிறந்தார்’. அந்த ஊரில் பிறந்தாலே போதும், தொண்டர் வரிசையில் இடம் உண்டு. இன்னொன்று ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’. தமிழ் வழங்கும் நிலத்துக்கு அப்பால் உள்ளவர்களும், தமக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் அதில் அடக்கம் என்று சேக்கிழார் விரித்துச் சொல்கிறார். பெயர் தெரியாதவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் இடம் ஒதுக்கிய பட்டியல் அது. இவ்வளவு தாராளமான ஒரு தொகுப்பு முறையைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது படங்களோடு ஒரு மலரை முடிப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அதே தொகையில் பூசலாரும் இருக்கிறார். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்டக் கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அழைத்து, நாள் பார்த்து ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை பூசல் கட்டிய ஆலயத்துக்குப் போகிறேன், உன் கும்பாபிஷேகத்தை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்றான். நன்கொடைத் தொகைப்படி பக்கம் ஒதுக்கும் மலரில் பூசலாருக்குக் கால் பக்கம்கூடக் கிடைக்காது.

பக்தி இலக்கியத்தை விடுவோம், நிர்வாகத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010-இல் நிறைவுற்றது. அதன் சுவர்களில் முதலாம் இராசராசன் தான் கொடுத்ததை எழுதிவைத்தான்; தமக்கை குந்தவை கொடுத்ததையும், தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் எழுதச் சொன்னான். அதோடு கோயிலில் வேலை செய்தவர்களின் நீண்ட பட்டியலும் கல்லில் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. ஒருவருக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். தொடர்ந்து ஆடல் ஆசான்கள், மேளம் கொட்டுவோர், விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் வருகிறார்கள்.

கல்லில் ஓர் எழுத்து வெட்டுவது காகிதத்தில் அச்சடிப்பதைவிட எத்தனையோ மடங்கு செலவு. அவ்வளவு செலவிலும் நாவிதரையும் வண்ணாரையும் விட்டுவிடவில்லை. பேரரசின் கணக்கு வழக்குக்காகத்தான் எழுதினார்கள், சமத்துவத்துக்காக இல்லை என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். ஆயிரம் வருஷம் கழித்து அந்தப் பெண்களின் பெயரை நாம் வாசிக்க முடிகிறது.

இனி அச்சகத்துக்கு வருவோம். எல்லோரையும் சேர்க்க ஆசைதான், கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. பதில், பல கமிட்டிகள் பயப்படுவதைவிட நல்லதாகவே இருக்கிறது.

முந்நூறு குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கிரவுன் கால் அளவு, அதாவது பல வார இதழ்களின் அளவை ஒட்டிய ஏழேகாலுக்கு ஒன்பதரை அங்குலப் பக்கம். ஒரு வரிசைக்கு மூன்று, நாலு வரிசை என்று வைத்தால் பக்கத்துக்கு 12 குடும்பப் படம். முந்நூறுக்கு 25 பக்கம். அச்சுத்தாள் மடங்குவது 16 பக்கம் கொண்ட ஃபாரமாக; இரண்டு ஃபாரம் என்றால் 32 பக்கம். குடும்பங்கள் போக மிஞ்சும் ஏழு பக்கத்தில் மடப்பள்ளி, நாதஸ்வரம், தவில், பூக்கட்டுவோர், ஸ்தபதியும் அவர் ஆட்களும், துப்புரவு செய்தவர்கள் எல்லோரும் தாராளமாக அமரலாம். ஊர் முழுக்க வெறும் இரண்டு ஃபாரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மொத்தம் 64 பக்கம், நாலு ஃபாரம் என்று வைப்போம். ஆஃப்செட் அச்சில் தாளின் ஒவ்வொரு புறத்துக்கும், ஒவ்வொரு மை நிறத்துக்கும் தனித்தனி அச்சுத்தகடு, அதாவது பிளேட் வேண்டும்; பல வண்ணத்துக்கு நாலு மை. நாலும் பல வண்ணம் என்றால் ஃபாரத்துக்கு எட்டு வீதம் 32 பிளேட். ஒரு ஃபாரம் மட்டும் வண்ணம், மற்ற மூன்றும் கறுப்பு என்றால் எட்டும் ஆறுமாக 14 பிளேட். தாளும் அப்படித்தான். முழுப் புத்தகமும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் போட்டால், அட்டை நீங்கலாக ஒரு பிரதி ஏறக்குறைய 185 கிராம். வண்ண ஃபாரம் மட்டும் ஆர்ட் பேப்பர், மற்றவை பூச்சில்லாத 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் என்றால் 131 கிராம். ஆயிரம் பிரதிக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் தாள் மிச்சம். அதுவும் விலை கூடிய தாள் மிச்சம். ஆஃப்செட்டில் பிளேட்டுக்கும் மெஷின் ஏற்றுவதற்கும் ஆகும் செலவு நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றே. எனவே பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் அடக்கம் இறங்கும். ஐம்பது, நூறு பிரதி போதும் என்கிற சிற்றூருக்கு டிஜிட்டல் அச்சுதான் லாபம். அங்கே பிளேட் கிடையாது.

இங்கே கல்யாண ஆல்பம் பற்றி ஒரு வார்த்தை. சில ஊர்களில் மலருக்குப் பதிலாக, கனத்த பக்கங்கள் தட்டையாக விரியும் கரிஷ்மா ஆல்பம் ஒன்றோ இரண்டோ செய்துவைத்துக்கொள்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது ஒரு பீரோவுக்குள் இருக்கும், பீரோ ஒரு வீட்டில் இருக்கும், அந்த வீட்டுக்கு எல்லோரும் போய்வர முடியாது. பல ஊர்களில் கோயிலுக்குள்ளேயே எல்லோரும் போக முடியாத காலம் இருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ஆம் தேதி. அது இன்னும் நூறு வருஷம் ஆகாத சேதி. ஒரு தெருவை விட்டுவிட்டு ஊர்ப் புத்தகம் போடுவது, திறந்த கதவை மறுபடி சாத்துவதற்குச் சமம். புகைப்படக்காரர் முதல் நாள் எந்தத் தெருவில் தொடங்குகிறார் என்பதில் தொடங்கி இதைக் கவனித்தாக வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எடுத்து முடித்து, நேரமில்லை என்று ஊர்க்கோடியை விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

பைண்டிங்கில் இன்னும் நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பக்கம் முழுசாக விரியாது. நடுவில் கால் அங்குலம், சில சமயம் அதற்கு மேலும் முதுகுக்குள் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு குழுப்படம் வைத்தால், நடுவில் நிற்பவரின் முகம் மடிப்பில் விழுந்து பாதி காணாமல் போகும். படத்தின் மையத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் என்றால் வடிவமைப்பவர் எப்படியாவது நகர்த்திவிடுவார். பின்வரிசையில் நிற்கும் பெண்ணுக்காக நகர்த்த மாட்டார். மகளிர் குழுப் படத்தில் ஒரு கண்ணும் அரைக் காதும் மட்டும் தெரிய நிற்கும் ஒருத்தியை இப்படி எத்தனையோ மலர்களில் பார்க்கலாம்.

சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் இந்தத் தொல்லை குறைவு, செலவும் குறைவு. 64 பக்கம் வரை தாராளமாகப் பின் அடிக்கலாம். ஃபாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்படுவதால், வண்ண ஃபாரத்தை நடுவில் வைத்தால் 25 முதல் 40 வரையுள்ள பக்கங்கள் வண்ணத்தில் வரும். சரியாக நடுவில் 32-ஆம் பக்கமும் 33-ஆம் பக்கமும் ஒரே தாளாக, வெட்டில்லாமல், மடிப்பில் எதையும் விழுங்காமல் விரியும். மொத்தப் புத்தகத்திலும் மிக நல்ல இடம் அதுதான். அதனால்தான் அது விளம்பரத்துக்குக் கூடுதல் கட்டணத்தில் போகிறது. கோயில் வாசலில் ஊர் முழுவதும் நிற்கும் படத்துக்கு அந்த இடத்தை ஒதுக்குவதே முறை. அந்தப் பணத்தை இழக்கும் துணிவு ஒரு கமிட்டிக்கு இருக்கிறதா என்பதில், அதன் பக்தி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் கம்பிப் பின் துருப்பிடிக்கும் என்ற குறை உண்மை. அங்கே நூல் தையல் போட்டுக்கொள்வது நல்லது. கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் அடுத்த கும்பாபிஷேகம் வரை தாங்கும்.

மேப்லித்தோ தாளில் கறுப்பில் அச்சடித்தால் முகம் கறுத்துவிடும் என்பது அடுத்த கவலை. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும்; புள்ளிகள் பரவி, நிழலான இடங்கள் அடைத்துக்கொள்ளும். கறுத்த நிறத்தவர் முகத்தில் கண்ணும் புருவமும் ஒன்றாகிவிடும். இதற்குப் பயந்து டிடிபி செய்பவர் எல்லா முகத்தையும் ஒரேயடியாக வெளுத்துவிடுவார். வெயிலில் உழைத்தவர்கள் எல்லோரும் பவுடர் அப்பியது போல வருவார்கள். இது தமிழ்நாட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. கோடாக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிமைப் பதம் பார்க்க ஆய்வகங்கள் வைத்திருந்த ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரம் இழந்து விழுந்தன. நம் அச்சகத்தில் இதற்கு வழி எளிது. எல்லாப் படத்துக்கும் ஒரே திருத்தம் போடாமல், ஒவ்வொரு முகத்திலும் நிழலை மட்டும் கொஞ்சம் திறக்க வேண்டும். முழு அச்சுக்கு முன் அதே தாளில் ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும். ஒருவரை அவருடைய நிறத்திலேயே, கண் தெரியும்படி அச்சடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. எல்லா உடலிலும் ஈசன் உறைகிறான் என்று அருளுரைப் பக்கத்தில் போட்டுவிட்டு, உள்ளே முகங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது.

மெல்லிய தாளில் பின்பக்க அச்சு லேசாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உற்சவர் படத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பக்கம் பிரிக்கும்போதே பார்க்காவிட்டால், அம்பாள் திருமுகத்தின் மேல் இரும்புக்கடை விளம்பரத்தின் கறுப்பு எழுத்து நிழலாடும். சுவாமி படம் உள்ள காகிதத்தை நம்மவர்கள் மிதிக்க மாட்டார்கள், கிழித்துப் பொட்டலம் கட்ட மாட்டார்கள். பழசானால் என்ன செய்வது என்று தெரியாமல் பரணில் போட்டுவைப்பார்கள். அட்டையின் வெளிப்புறத்தில் போட்ட படம்தான் முதலில் கசங்கிக் கிழிகிறது. சுவாமி படங்களை உள்ளே ஆர்ட் பேப்பர் ஃபாரத்தில் வைத்து, அட்டைக்குக் கோபுரத்தையோ தெப்பக்குளத்தையோ போடுவது எல்லா வகையிலும் நல்லது.

மலிவான அச்சு நிலைக்குமா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியையின்போது, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது அங்கே வழக்கம். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவார திருவாசகம், நன்றி நவிலல். இலவசமாகக் கொடுக்க வேண்டியது என்பதால் அடக்கமான செலவிலேயே அச்சடிப்பார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருந்தவை ஓர் இரவில் போயின. வீடு வீடாகப் பிரிந்து கிடந்த சிறு புத்தகங்களை அப்படி ஓரிடத்தில் கொளுத்த முடியாது. இடம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளோடு அவை ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் போயின. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இந்த நினைவு மலர்களையும் தேடித் தேடி மின்னுருவாக்கி வைத்திருக்கிறது. ஓர் ஊரின் உறவுமுறையை அறிய வருபவருக்கு அவை இன்று ஆவணம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெரிய நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்தார். 1994-இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றை ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு இப்படிப்பட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்பிவைப்பது மலர்க் குழுவின் கடமை. பிடிஎஃப் கோப்பு ஒருவர் கைபேசியில் மட்டும் இருந்தால் கைபேசி மாறும்போது அதுவும் போய்விடும்.

விளம்பரம் இல்லாமல் மலர் போட முடியுமா? கோரக்பூர் கீதா பிரஸ் 1923 முதல் சமய நூல்களைக் குறைந்த விலையில் அச்சிட்டு வருகிறது. அதன் ‘கல்யாண்’ மாத இதழ் விளம்பரமே வாங்குவதில்லை. அது காந்தியடிகள் சொன்ன யோசனை என்று அவர்கள் சொல்வார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதி விருது கிடைத்தபோது, விருதை ஏற்றுக்கொண்டு ஒரு கோடி ரூபாய்ப் பரிசுத்தொகையை வேண்டாம் என்றது அந்த நிறுவனம். அதன் கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்காதவர்களும் இந்த ஒழுக்கத்தை மதிக்கலாம். ஊர்க்கோயில் கமிட்டிக்கு அவ்வளவு வலு இருக்காது. விளம்பரம் வாங்கட்டும், ஆனால் அவற்றைக் கடைசிப் பக்கங்களில் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும். நன்கொடையாளர் பட்டியலை அகரவரிசையில் போடட்டும். லட்சம் கொடுத்தவருக்கும் ஐம்பது ரூபாய் கொடுத்த கூலிக்காரருக்கும் ஒரே அளவு எழுத்து. கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் பல இடங்களில் அவரைப் பற்றிய குறைந்த மதிப்பீட்டிலிருந்து வருவது. நேரில் போய்ச் சொன்னால் சரி என்பவர்கள் இருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே எழுதும் பெயர்களில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘இடமிருந்து வலமாக’ என்று தொடங்கி ஆண்களின் பெயர் இனிஷியலோடு வரும். பெண்கள் கணவர் பெயருக்கு முன்னால் ஒரு ‘திருமதி’யாக, அல்லது ‘மற்றும் குடும்பத்தினர்’ என்பதற்குள் மறைந்துபோவார்கள். தளிச்சேரிப் பெண்டிர் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரால் எழுதிய மரபு நம்முடையது. நாமோ வெறும் மைதான் செலவாகும் என்ற நிலையில் பெயரை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் பெயர் வேண்டும். படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர்களும் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தாமல், படத்துக்கான கட்டத்தில் பெயரை மட்டும் பெரிதாகப் போடலாம்.

பிளேட் போட்ட பிறகு ஒரு பெயரைத் திருத்தினாலும் அந்தப் பிளேட்டைப் புதிதாகப் போட வேண்டும். அதனால் புரூஃப் பக்கங்களை அச்சகத்திலிருந்து வாங்கிவந்து கோயில் மண்டபத்தில் ஒரு வாரம் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும், பக்கத்தில் ஒரு பேனாவும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாலை பூஜைக்குப் பிறகு யாராவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்துக் காட்டலாம். விடுபட்ட வீடுகள் எவை என்பது அப்போது தானாகத் தெரியும். ‘எங்க அத்தை எங்கே?’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்க, கடைசி ஃபாரத்தில் இரண்டு பக்கத்தை அதுவரை காலியாகவே வைத்திருக்கும்படி அச்சகத்தில் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.